அந்தப் பங்களா விலைக்கு வந்திருக்கிறது

வெள்ளவத்தை,
கொழும்பு 6.

அன்பின் செல்விக்கு,

உன் தாத்தா அப்புவாக, குசினிக்காரராக, இருந்த பங்களா விலைக்கு வந்திருக்கிறது. சுகம் விசாரிப்பதற்கு முன்னம் இதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் கடதாசியை எடுத்தேன். பண்டாரவளையிலிருந்து அப்புத்தளைப் பக்கம் போகையில், சைப்ரஸ் மரங்களுக்கு மேலே மூன்று புகைபோக்கிகள் தெரியுமே, அதேதான். பள்ளிக்கூட பஸ்ஸில் போகும்போது ‘எங்க தாத்தா வீடு’ என்று நீ கைகாட்டுவாய். பெரிய வகுப்புப் பிள்ளைகள் சிரிப்பார்கள். நீ கையை இறக்கமாட்டாய்.

இவருடைய அக்காவின் மகன் ரொறன்ரோவில் இருக்கிறான் அல்லவா, அவனுக்கு மலைநாட்டில் ஒரு பழைய வீடு வாங்க ஆசை. நான் நொத்தாரிசு கந்தோரில் காலமெல்லாம் காணி உறுதிப் பத்திரங்களோடு கிடந்தவள் என்பதால், எங்கள் குடும்பத்தில் யார் காணி வாங்கினாலும் கடதாசிகள் என் மேசைக்கு வந்துவிடும். அவன் இரட்டைக் குடியுரிமை எடுத்திருக்கிறான், அதனால் வாங்கலாம். கனடாக் குடியுரிமை மட்டும் இருந்திருந்தால் வெளிநாட்டவருக்குக் காணி விற்பதைத் தடுக்கும் 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் குறுக்கே நின்றிருக்கும். அவன் அனுப்பிய விளம்பரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போகையில் அந்தப் புகைபோக்கிகளைக் கண்டேன். கொஞ்ச நேரம் வேறொன்றும் ஓடவில்லை.

இப்போது இந்த விளம்பரங்கள் எல்லாவற்றிலும் வீட்டின் குடும்பக் கதை ஒன்று சேர்ந்தே வருகிறது. எந்தத் துரை கட்டினார், எந்தத் தேசாதிபதி வந்து தேநீர் குடித்தார், துரைசாணி எந்த ரோசாவை எங்கிருந்து கொண்டுவந்து நட்டார் என்று. கதை நீளமாக இருந்தால் விலையும் ஏறுகிறது. அதில் பிழையில்லை, பழைய வீட்டுக்குக் கதைதான் பாதி மதிப்பு. என்னை வருத்துவது, அந்தக் கதை எந்த இடத்தில் நின்றுவிடுகிறது என்பது.

மருமகன் முதலில் தோட்டத்துப் பங்களா ஒன்றையே வாங்கலாம் என்று நினைத்திருந்தான். அது நடக்காது என்று விளங்கப்படுத்தினேன். 1972 காணிச் சீர்திருத்தச் சட்டம் ஓர் ஆளுக்கு 50 ஏக்கர் என்று எல்லை வைத்தது, வயல் என்றால் 25. 1975 இல் கம்பனிகளின் தோட்டங்களையும் அரசாங்கம் எடுத்தது. அவற்றை ஜனவசம என்ற அரச சபையும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் நடத்தி, 1992 இல் நிர்வாகம் பிராந்தியக் கம்பனிகளின் கைக்குப் போனது. நிலம் அரசாங்கத்தினுடையது, கம்பனிக்குக் குத்தகை மட்டுந்தான். காசல்ரீ நீர்த்தேக்கப் பக்கம் ஹோட்டலாக மாறிய பங்களாக்கள் இருக்கின்றனவே, 1888 இல் கட்டியது கூட அதில் உண்டு, அவையெல்லாம் குத்தகைக் காணியில் நிற்பவை. உரித்தோடு விலைக்கு வருவது வேறு ரகம்: ஓய்வுபெற்ற துரைமார் ஊரோரம் கட்டிக்கொண்டவை, கொழும்புக் குடும்பங்களின் ஏப்ரல் மாத வீடுகள், 50 ஏக்கருக்குள் அடங்கியதால் தப்பிய சின்னத் தோட்டங்களின் பங்களாக்கள். அப்புத்தளையில் அடிசம் பங்களா ஞாபகம் இருக்கிறதா? சேர் தோமஸ் வில்லியர்ஸ் 1931 இல் கட்டியது. அதுவும் இந்த ரகந்தான். கைமாறிப் போய் கடைசியில் பெனடிக்ட் சபைத் துறவிகளிடம் சேர்ந்தது.

உன் தாத்தாவின் பங்களாவும் தப்பியவற்றில் ஒன்று. உறுதிகளை முதல் கடதாசியிலிருந்து வாசித்தேன். வழக்கமாக 30 வருடத்துக்குத்தான் உரித்துத் தேடுவோம், இதற்கு நான் அடிவரை போனேன். முதலாவது, கோப்பிக்காலத்து முடிக்குரிய காணி விற்பனை. ஏக்கர் 5 சிலிங்குக்குக் கொடுத்த காடுகளை 1844 க்குப் பிறகு ஒரு பவுணுக்குக் குறையாமல் ஏலம் விட்டார்களே, அந்தக் காலத்தது. பிறகு ஈட்டு உறுதிகள், அடமானம் வைத்தவை, ஒன்றுக்குமேல் ஒன்று. 1869 இல் கோப்பி இலையில் துரு நோய் வந்த கதை உனக்குத் தெரியும். உறுதிகளில் ‘நோய்’ என்று ஒரு சொல் கிடையாது. ஈடு கூடிக்கூடி வருவதிலும் கடைசியில் ஏலத்தில் போவதிலும் விளங்கிக்கொள்ள வேண்டியதுதான். ரயில் 1893 இல் அப்புத்தளைக்கும் 1894 இல் பண்டாரவளைக்கும் வந்தது. அதன் பிறகுதான் இப்போதுள்ள வீடு: கருங்கல் அத்திவாரம், தகரக் கூரை, மூன்று அறைக்குக் கணப்பு, மூடிய நடைபாதைக்கு அப்பால் குசினி. 1950களில் அந்தத் துரையின் விதவை கொழும்பு டொக்டர் ஒருவருக்கு விற்றுவிட்டு ஊருக்குப் போனார்.

அந்த உறுதியின் கடைசி அட்டவணையைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும். வீட்டோடு போகும் சாமான்களின் பட்டியல் அது. பியானோ இருக்கிறது. தகரக் குளிப்புத் தொட்டி, கணப்புக் கிராதிகள், பாண் போடும் போறணை இரும்புக் கதவோடு, எல்லாம் இருக்கிறது. அந்தப் போறணையில் பாண் போட்டவரைப் பற்றி ஓர் எழுத்து இல்லை. கித்துள் கள்ளு விட்டு மாப் பிசைந்து, விடிய நாலு மணிக்கு நெருப்பு மூட்டுவார் என்று நீ சொன்ன உன் தாத்தா, துரை மாறியும் டொக்டர் வந்தும் அதே குசினியில் நின்றார். வீட்டைக் கொடுத்தவர் ஒருவர், வாங்கியவர் ஒருவர், இரண்டு பேரையும் அறிந்த ஒரே ஆள் அவர்.

கொழும்பு 7 இல் தேசிய சுவடிகள் திணைக்களத்துக்குப் போய் ஃபெர்குசன் டைரக்டரிகளையும் புரட்டினேன். தோட்டத்தின் பெயர், ஏக்கர், சொந்தக்காரர், துரை எல்லாம் வருடா வருடம் அச்சில் இருக்கிறது. அதை வைத்து எந்தத் துரைவீட்டுக் கதையையும் எழுதிவிடலாம். குசினிப் பக்கத்துக் கதைக்கு டைரக்டரி இல்லை. சரித்திரப் பாடத்தில் கோல்புறூக் கமரன் ஆணைக்குழு படித்தோமே, அந்தச் சார்ள்ஸ் ஹே கமரன் இங்கே கோப்பித் தோட்டங்கள் வைத்திருந்தார். வயதான காலத்தில் மனைவியோடு இலங்கைக்கே வந்துவிட்டார். மனைவி ஜூலியா மார்கரெட் கமரன் பெரிய புகைப்படக் கலைஞர். 1879 இல் டிக்கோயாப் பக்கம் கிளென்கேர்ன் பங்களாவில் இறந்தார், பொகவந்தலாவைத் தேவாலயத்தில் கல்லறை இருக்கிறது. அவர் இங்கிலாந்தில் எடுத்த படங்களில் டார்வின் இருக்கிறார், டெனிசன் இருக்கிறார். இங்கே எடுத்த படங்களில் எவ்வளவு அழகான முகங்கள்! கீழே ‘களுத்துறைக் குடியானவர்கள்’ என்கிற மாதிரி எழுதியிருக்கும், அவ்வளவுதான்.

விளம்பரத்திலும் ஒரு பழைய படம் போட்டிருக்கிறார்கள். விறாந்தையில் பிரம்புக் கதிரைகளில் துரை குடும்பம். ஒவ்வொருவர் பெயரும் போட்டிருக்கிறது. பின்னால் கதவு நிலையோடு வெள்ளைக் கோட்டும் தலைப்பாகையுமாக ஒருவர் நிற்கிறார். அவர் உன் தாத்தா, செல்வி. உங்கள் வீட்டுச் சாமிப்படங்களுக்குப் பக்கத்தில் தொங்கிய அந்த முகம் எனக்கு மறக்குமா?

சரி, இனி நான் எழுத வந்த முக்கியமான விஷயம். நானும் இவரும் போய் வீட்டைப் பார்த்தோம். தகரம் பல இடத்தில் துருப்பிடித்துவிட்டது, நடு அறைப் புகைபோக்கி அடைத்துக் கிடக்கிறது, ஆனால் சுவர்கள் அசையவில்லை. மண்சரிவு பற்றித் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை எடுக்காமல் ஒரு சதமும் கொடுக்காதே என்று மருமகனுக்குச் சொல்லியிருக்கிறேன். 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் தோட்டத்து லய வீடுகளோடு மண்ணுக்குள் போனவர்களை நினைத்தால் எனக்கு இன்னும் நெஞ்சு பதறும். அதெல்லாம் பார்த்துக்கொண்டு குசினியைத் தாண்டிப் போனால், பின்பக்க அறைகளில் ஒரு குடும்பம். யார் என்று விசாரித்தேன். உன் சின்னத்தாத்தாவின் பேரன்! உனக்குத் தம்பி முறை.

மலையகத் தமிழரை இரண்டு நாட்டுக்கும் பங்கிட்ட 1964 ஒப்பந்தம் உங்கள் வீட்டை எப்படிப் பிரித்தது என்று நான் உனக்குச் சொல்லத் தேவையில்லை. இந்தியாவுக்கு 525,000 பேர், இங்கே 300,000 பேர் என்று இரண்டு பிரதமர்கள் எழுதிய கணக்கில், பெரியவர் பக்கம் அங்கே, சின்னவர் பக்கம் இங்கே. நீங்கள் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரம் போய், தமிழ்நாடு அரசின் டான்டீத் தோட்டத்தில் மறுபடி கொழுந்துக்கூடை தூக்கினீர்கள். சின்னவர் பங்களாவில் காவல் வேலைக்கு நின்றார். பிறகு மகன், இப்போது பேரன். டொக்டர் குடும்பம் வருடத்தில் சில நாட்கள் வந்து போகும், மற்ற நாளெல்லாம் அந்த வீட்டை வைத்திருந்தது இவர்கள். மழைக்குப் பிறகு கூரையில் ஏறித் தார் பூசியதும், கணப்பு மூட்டிச் சுவர் ஈரத்தை விரட்டியதும் இவர்கள். விளம்பரத்தில் ‘நன்கு பராமரிக்கப்பட்டது’ என்று ஒரு வரி இருக்கிறது. பராமரித்த குடும்பத்துக்கு வீடு விலைபோவது எங்களைக் கண்ட பிறகுதான் தெரியும்.

“வாங்குறவங்க எங்கள இருக்க விடுவாங்களா அக்கா?” என்று கேட்டான். அவன் பெண்சாதி தேத்தண்ணீர் தந்துவிட்டு உள்ளே போய்விட்டது.

சட்டம் அவனுக்கு உதவாது. 1871 ஆம் ஆண்டுக் காலவிதிப்புக் கட்டளைச்சட்டப்படி 10 வருடம் எதிரிடையாக ஆண்டனுபவித்தால் உரித்துக் கோரலாம். ஆனால் சொந்தக்காரரின் அனுமதியோடு இருந்தவனுக்கு அந்தப் பத்து வருடம் எண்ணத் தொடங்குவதே இல்லை. மூன்று தலைமுறை விசுவாசமாக இருந்ததுதான் அவனுக்கு வினையாகிறது. ஆகவே ஒரே வழி, விற்பதற்கு முன் சொந்தக்காரர்களே பிரித்துக் கொடுப்பது. டொக்டரின் பிள்ளைகள் நாலு பேர், ஆளுக்குக் காற்பங்கு, பிரிக்கப்படாத பங்கு. மகள் ஒருவர் கொழும்பில், இரண்டு பேர் மெல்பேர்னில், ஒருவர் லண்டனில். மிச்சமிருக்கும் காணி ஒன்றரை ஏக்கர், 240 பேர்ச். அதில் பின்பக்க அறைகளோடு சேர்த்து 10 பேர்ச்சை அளந்து, படம் கீறி, நன்கொடை உறுதி எழுதிக் கொடுங்கள் என்று கொழும்பு மகளிடம் நேரே போய்க் கேட்டேன். லயத்தில் இருப்பவர்களுக்கு 7 பேர்ச் காணி என்று அரசாங்கம் சொன்னதே இந்த நாட்டில் எத்தனை வருடம் இழுபட்டது! இங்கே நாலு கையெழுத்துப் போதும். அவர் உன் தாத்தாவின் பாணைச் சாப்பிட்டு வளர்ந்தவர். கண் கலங்கி, சரி என்றார். லண்டன்காரரும் சம்மதம், தனக்காகக் கையெழுத்துப் போட அற்றோணித் தத்துவம் அனுப்புகிறார். மெல்பேர்ன் ஆட்கள் விலை குறையுமே என்று யோசிக்கிறார்கள். குறையாது, நாங்கள் பேசிய விலையையே தருகிறோம் என்று மருமகனைக் கொண்டு எழுதுவித்திருக்கிறேன். அந்த 10 பேர்ச் பிரியாமல் கிரய உறுதி எழுதுவதானால் நான் இதில் கை வைக்கமாட்டேன் என்று அவனிடமும் சொல்லியாயிற்று. நல்ல பிள்ளை, மறுக்கவில்லை.

இதில் நீ செய்யவேண்டியது ஒன்று உண்டு. நன்கொடை உறுதியின் முகப்பில் ஏன் கொடுக்கிறோம் என்று ஒரு பந்தி எழுதலாம். அதில் உன் தாத்தாவின் பெயரையும் சின்னத்தாத்தாவின் பெயரையும், எந்தக் காலத்திலிருந்து அந்த வீட்டில் வேலை செய்தார்கள் என்பதையும் எழுதப்போகிறேன். காணிப் பதிவகத்தில் அந்த வீட்டின் கடதாசிகளோடு அதுவும் இருக்கும். நாளைக்கு யாராவது உரித்துத் தேடினால் அந்தப் பெயர்களை வாசிக்காமல் போகமுடியாது. மெல்பேர்ன் ஆட்களுக்கும் அதைக் காட்டலாம் என்று நினைக்கிறேன். துரை போகும்போது தாத்தாவுக்குக் கொடுத்த சேர்ட்டிபிக்கட் ஒன்று உங்களிடம் இருந்தது, கண்ணாடி போட்டு வைத்திருந்தீர்கள். அது இருக்கிறதா? கப்பலேறும்போது தந்த குடும்ப அட்டையிலும் முழுப்பெயர் இருக்கும், தகப்பன் பெயரும் ஊரும் இருக்கும். சாமிப்படத்துப் பக்கத்துப் போட்டோவையும் சேர்த்து, எல்லாவற்றையும் வெளிச்சத்தில் வைத்து உன் பேத்தியைக் கொண்டு வட்ஸ்அப்பில் அனுப்பு. எழுத்துக்கூட்டல் அட்டையில் உள்ளபடியே வேண்டும், ஒரு புள்ளி மாறினாலும் பிறகு கரைச்சல்.

உன் தம்பியின் போன் நம்பரைத் தனியே அனுப்புகிறேன். உன்னோடு பேசவேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னான். ராத்திரி ஏழு மணிக்குப் பிறகு எடு, பகலில் அந்த மலையில் சிக்னல் வராது.

இங்கே எல்லோரும் சுகம். இவருக்குச் சீனி கொஞ்சம் கூடிக் குறைகிறது. உன் முழங்கால் எப்படி? கோத்தகிரிக் குளிருக்கு நல்லெண்ணெயைச் சூடாக்கித் தேய்க்கிறாயா? மாத முடிவுக்குள் நொத்தாரிசுக்கு வரைவு கொடுக்க வேண்டும், அதனால் கெதியாகப் பதில் போடு.

அன்புடன்,
சாந்தி