முதல் பேட்சைப் பொறுமையாகப் படித்தவர்களுக்கு: லினக்ஸ் கெர்னல் வழிகாட்டிகளுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள வழிகாட்டிகளுக்கும், ஒருங்கிணைப்பாளர்களுக்கும், இன்னும் செம்மையாகாத டிரைவர்கள் (வன்பொருளை இயக்கும் நிரல்கள்) இருக்கும் ஸ்டேஜிங் பகுதியைப் பராமரிக்கும் மெயின்டெய்னர்களுக்கும், முன்பின் அறியாத எங்கள் பேட்ச்களை, அதாவது நிரல் திருத்தங்களை, படித்துப் பதில் எழுதிய அனைவருக்கும்,

வணக்கம். கட்டற்ற மென்பொருளுக்கான அவுட்ரீச்சி பயிற்சித் திட்டத்தின் வழியாக, லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலுக்குள் வந்த நாங்கள் சிலர் சேர்ந்து எழுதும் மடல் இது. நீங்கள் செய்தது என்ன என்பது இங்கே கணினி படிக்கும் பிள்ளைகளுக்கும் தெரிய வேண்டும் என்பதால் தமிழிலேயே எழுதுகிறோம். 'உதவினார்கள், நன்றி' என்று ஒரு வரியில் முடித்தால் அந்த உழைப்பு யாருக்கும் விளங்காது. எந்தெந்த உதவிக்கு நன்றி என்று விவரமாகவே சொல்லிவிடுகிறோம்.

இந்தப் பாதையைப் போட்டவர்களை முதலில் நினைக்க வேண்டும். 2006இல், மாணவர்களுக்கான கோடை நிரலாக்கத் திட்டமான கூகுள் சம்மர் ஆஃப் கோடுக்காக, லினக்ஸின் டெஸ்க்டாப் முகப்பை உருவாக்கும் க்னோம் திட்டத்துக்கு 181 விண்ணப்பங்கள் வந்தன. அவற்றில் ஒன்றுகூடப் பெண்ணுடையது இல்லை. அதைப் பார்த்துத்தான் க்னோம், பெண்களுக்கென்று தனியாக ஒரு கோடைப் பயிற்சியைத் தொடங்கியது. இடையில் நின்றிருந்த அம்முயற்சிக்கு 2010இல் மறுபடி உயிர் கொடுத்தவர்களில் முதன்மையானவர் மரினா ஜுராகின்ஸ்கயா. 2022இல் அவர் மறைந்துவிட்டார். இந்த நன்றியில் முதல் பங்கு அவருக்கே. 2013இல் கெர்னல் திட்டம் இதில் சேர்ந்தபோது ஒருங்கிணைப்பைச் சுமந்தவர் சேஜ் ஷார்ப். 2015இல் திட்டம் அவுட்ரீச்சி என்ற பெயரோடு கட்டற்ற மென்பொருள் திட்டங்களைத் தாங்கும் அமைப்பான சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சியின் கீழ் வந்தது. மூன்று மாதப் பயிற்சிக்கு 7,000 டாலர் உதவித்தொகை. அது பயிற்சி பெறுபவருக்குத்தான். வழிகாட்டிக்குத் திட்டம் எதுவும் தருவதில்லை. வாரத்துக்குக் குறைந்தது ஐந்து மணி நேரம் அவர் தம் பொழுதிலிருந்து எடுத்துத் தருகிறார்.

விண்ணப்பித்தவர்கள் எல்லோரும் உண்மையான நிரலில் கைவைத்துப் பார்க்கும் ஒரு மாத காலம் இருக்கிறதே, வழிகாட்டிகளின் உழைப்பு மிக அதிகமாகச் செலவாவது அப்போதுதான். ஒவ்வொரு சுற்றிலும் புதியவர்கள் ஒரே பிழைகளோடு வருவார்கள், நீங்களும் ஒவ்வொரு முறையும் முதல் முறை சொல்வதுபோலவே சொல்வீர்கள்.

கெர்னலுக்கான பேட்ச்கள் மின்னஞ்சலில்தான், எல்லோரும் படிக்கும் அஞ்சல் பட்டியலுக்கு அனுப்பப்படுகின்றன. அங்கேயே தொடங்குகிறது சிக்கல். கெர்னலில் வரித் தொடக்க இடைவெளி டேப் எழுத்தால் போடப்படுகிறது, ஒரு டேப் எட்டு இடம். ஜிமெயிலின் இணையப் பக்கத்தில் பேட்சை ஒட்டி அனுப்பினால் டேப்கள் வெற்றிடங்களாக மாறும், நீண்ட வரிகள் உடையும், மெயின்டெய்னரின் கணினியில் அது பொருந்தாது. இணைப்பாக அனுப்பினால் வரிக்கு வரி மேற்கோள் காட்டிக் கருத்துச் சொல்வது கடினம். அதனால்தான், நிரல் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் கருவியின் சென்ட்-இமெயில் கட்டளை. ஜிமெயில் கணக்கானால் இரட்டைச் சரிபார்ப்பை இயக்கி, செயலிக்கான தனிக் கடவுச்சொல் வாங்கி, 587ஆம் போர்ட்டில் அமைக்க வேண்டும். அமைத்த பிறகு பேட்சை முதலில் தனக்கே அனுப்பி, வந்த மடலைக் கோப்பாகச் சேமித்து, புதிய கிளையில் (நிரலின் தனி நகலில்), மடலிலிருந்து பேட்சைச் சேர்க்கும் கிட் ஏஎம் கொடுத்துப் பொருந்துகிறதா என்று பார்க்கச் சொல்லித் தந்தீர்கள். பட்டியலுக்குப் போகும் முதல் மடல் உடையாமல் போவது இந்த ஒரு பழக்கத்தால்தான்.

அடுத்தது கம்பைல், அதாவது நிரலைக் கணினி இயக்கும் வடிவுக்கு மாற்றுவது. 'கம்பைல் ஆனது, பிழையே வரவில்லை' என்று புதியவர் எழுதுவார். அந்த டிரைவர், எவையெல்லாம் கம்பைல் ஆக வேண்டும் என்று சொல்லும் கான்ஃபிக் கோப்பில் இயக்கப்படாமலே இருந்திருக்கும். கம்பைலை நடத்தும் மேக் கருவி, திருத்திய டிரைவர் கோப்பைத் தொட்டிருக்காது. பிழை எப்படி வரும்? திருத்திய சி கோப்புக்குப் பக்கத்தில் கம்பைலின் விளைவான ஆப்ஜெக்ட் கோப்பு புதிய நேரத்தோடு உண்டாகியிருக்கிறதா என்று பார்க்கச் சொன்னீர்கள். சந்தேகம் தீரவில்லையென்றால் வேண்டுமென்றே ஒரு இலக்கணப் பிழையைப் போட்டு, கம்பைலர் கத்துகிறதா என்று பார்த்துவிட்டு நீக்கச் சொன்னீர்கள். கிளையைப் பற்றிச் சொன்னதும் அப்படித்தான். ஸ்டேஜிங் மரத்தின் (அப்பகுதியின் நிரல் களஞ்சியத்தின்) ஸ்டேஜிங்-டெஸ்டிங் கிளையின் மேல்தான் வேலை செய்ய வேண்டும். அங்கே நாள்தோறும் புதிய பேட்ச்கள் சேர்கின்றன. ஒரு வாரம் பழைய நகலின் மேல் செய்த திருத்தம், அதே வரியை வேறொருவர் மாற்றியிருந்தால் பொருந்தாது. அனுப்புவதற்கு முன் ஃபெட்ச் (புதியதை எடுப்பது), ரீபேஸ் (அதன் மேல் நம் திருத்தத்தை வைப்பது), மறுபடி கம்பைல்.

நிரல் நடையைச் சரிபார்க்கும் செக்பேட்ச் கருவி சொல்வதையெல்லாம் அப்படியே செய்துவிடக் கூடாது என்பதை நீங்கள் விளக்கிய விதத்துக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். சிறிது நேரம் காத்திருக்கச் செய்யும் யூடிலே வரும் இடத்தில் யூஸ்லீப்-ரேஞ்ச் போடலாமே என்று அது பரிந்துரைக்கும். மாற்றுவது ஒரு வரி வேலை, கம்பைலும் ஆகும். ஆனால் யூடிலே சுழன்றபடியே காத்திருக்கும், யூஸ்லீப்-ரேஞ்ச் உறங்கிவிடும். ஸ்பின்லாக் (பிறர் நுழையாமல் காக்கும் பூட்டு) பிடித்திருக்கும் இடத்திலோ இன்டரப்ட் (வன்பொருளிடமிருந்து வரும் குறுக்கீடு) கையாளும் இடத்திலோ உறங்கினால் கணினியே உறைந்துபோகலாம். தவிர, காத்திருப்புக்கு எவ்வளவு தளர்வு தரலாம் என்பது அந்த வன்பொருளைக் கையில் வைத்துச் சோதித்தவருக்கே தெரியும். 'வன்பொருள் இல்லாமல் இதைத் தொடாதே' என்று மட்டும் சொல்லி நிறுத்தியிருக்கலாம். நீங்கள் காரணத்தையும் சேர்த்து எழுதினீர்கள். அந்தக் காரணத்தைத் தேடிப் போய்த்தான் எங்களில் பலர், உறங்கக் கூடாத இந்த இடங்களைக் குறிக்கும் அணுநிலைச் சூழல் என்றால் என்ன என்றே படித்தோம்.

பேட்சை எழுதும் முறைக்கு வருவோம். ஒரு பேட்ச், ஒரு மாற்றம். இடைவெளியைச் சரிசெய்வதும் பயன்படாத மாறியை நீக்குவதும் ஒன்றாக வந்தால் இரண்டாகப் பிரி. தொடராக அனுப்பினால் ஒவ்வொன்றும் தனித்தனியே கம்பைல் ஆக வேண்டும். ஆகாவிட்டால், பின்னாளில் எந்த மாற்றத்தால் பிழை வந்தது என்று தேட கிட் பைசெக்ட் ஓட்டுபவர் நடுவில் மாட்டிக்கொள்வார். தலைப்பில் துணைப்பகுதியின் பெயர், டிரைவரின் பெயர், பிறகு ஏவல் வினையில் என்ன செய்கிறாய் என்பது. விளக்கம் 75 எழுத்துக்குள் வரி மடிந்து வர வேண்டும். என்ன மாற்றினாய் என்பது நிரலிலேயே தெரிகிறது. ஏன் என்பதை எழுது. கடைசியில் சைன்ட்-ஆஃப்-பை வரி. 2004இலிருந்து கெர்னலில் இருக்கும் இந்த வரி, 'இந்த நிரலைத் தரும் உரிமை எனக்கு உண்டு' என்ற உறுதிமொழி.

பதில் வந்த பிறகு அதே பேட்சைத் திருத்தி அப்படியே மறுபடி அனுப்புவதுதான் மிகப் பரவலான தவறு. எது புதியது என்று படிப்பவருக்கு எப்படித் தெரியும்? தலைப்பில் வி2 (இரண்டாம் பதிப்பு) என்று இட்டு, விளக்கத்தின் முடிவில் வரும் மூன்று கோடுகளுக்குக் (---) கீழே முந்தையதிலிருந்து மாறியதை எழுத வேண்டும். கோடுகளுக்கு மேலே எழுதினால் அது கெர்னல் வரலாற்றில் நிரந்தரமாகத் தங்கிவிடும். கீழே எழுதினால் பேட்சைச் சேர்க்கும்போது கிட் அதை விட்டுவிடும். பதில் வரவில்லையென்றால் குறைந்தது ஒரு வாரம் பொறு. ஐந்தாம் பதிப்பையும் முதல் பதிப்பைப் போலவே முழுக்கப் படித்து, விட்டுப்போன ஒரு புள்ளியைக்கூடச் சுட்டிக்காட்டியவர்கள் நீங்கள்.

இவ்விடத்தில் இருவரைப் பெயர் சொல்லி வணங்குகிறோம். ஜூலியா லாவால், காக்சினெல் கருவியை உருவாக்கியவர்களில் ஒருவர். நிரலில் திரும்பத் திரும்ப வரும் ஒரு வடிவத்தை விதியாக எழுதி, முழுக் கெர்னலிலும் அதைத் தேடி மாற்ற உதவும் கருவி அது. அப்படிப்பட்டவர், புதியவர்களின் சின்னஞ்சிறு பேட்ச்களைத் தாமே படித்துப் பதில் எழுதியிருக்கிறார். க்ரெக் க்ரோ-ஹார்ட்மன், ஸ்டேஜிங் மரத்தைப் பராமரிப்பவர். அவ்வளவு மடல்களுக்கு நடுவே எங்களுக்குக் கிடைத்த பதில்கள் சுருக்கமாகவும் தெளிவாகவும் இருந்தன. கடிந்த சொல்லென்று தோன்றியதையும் இரண்டு நாள் கழித்துப் படித்தால் செய்ய வேண்டியது சரியாக அதில் இருக்கும்.

தேர்வானவர்களுக்கு வழிகாட்டிய காலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கெர்னலின் ஒரு வெளியீட்டுச் சுற்று ஒன்பது, பத்து வாரம். அதில், புதிய நிரல் உள்ளே சேரும் காலமான மெர்ஜ் விண்டோ இரண்டு வாரம்தான். பயிற்சியோ 13 வாரம். வேலையை முழுதாக முடித்துக் கடைசி வாரத்தில் இருபது பேட்ச்களை ஒரே தொடராக அனுப்பலாம் என்று திட்டமிட்டால், பயிற்சி முடியும்வரை அவற்றில் ஒன்றும் உள்ளே போகாது. அதனால்தான் இரண்டாம் வாரத்திலிருந்தே மூன்று நான்கு பேட்ச்களாக அனுப்பச் சொன்னீர்கள். சிக்கிக்கொண்டால் நாட்கணக்கில் மௌனமாக இருக்காதே, சில மணி நேரம் முயன்றுவிட்டுக் கேள் என்றீர்கள். கேட்கும்போது கொடுத்த கட்டளை, வந்த பிழைச் செய்தி முழுவதும், அதுவரை முயன்றவை மூன்றையும் சேர்த்துக் கேட்கப் பழக்கினீர்கள். நீங்களே ஐந்து நிமிடத்தில் எழுதிவிடக்கூடிய நிரலை எழுதாமல் காத்திருந்தது எளிதான காரியமல்ல என்பது, இப்போது எங்களில் சிலர் பிறருக்கு வழிகாட்டும்போது புரிகிறது.

இடங்கள் சில, விண்ணப்பிப்பவர்கள் பலர். தேர்வாகாதவர்களின் பேட்ச்களையும் நீங்கள் தள்ளிவைக்கவில்லை. அவை அவரவர் பெயரிலேயே கெர்னல் வரலாற்றில் இருக்கின்றன. முடிவு வந்த பிறகும் அவர்கள் அனுப்பியவற்றுக்குப் பதில் எழுதினீர்கள். இந்த மடலில் கையொப்பமிட்டவர்களில் அவர்களும் இருக்கிறார்கள்.

அவுட்ரீச்சியின் கெடு நேரம், உலகப் பொது நேரமான யூடிசியில் மாலை 4, இந்தியாவில் இரவு 9.30. கடைசி நாள்களில் நம் மாலை வேளையில்தான் இங்கிருந்து கேள்விகள் குவியும். ஐரோப்பாவில் அது அலுவலக நேரம். அடுத்த விண்ணப்பக் காலத்தில் அந்த மாலைகளில் ஐஆர்சி அரட்டையில் நாங்கள் இருக்கிறோம். மின்னஞ்சல் அமைப்பு, கான்ஃபிக், ரீபேஸ், வி2 தலைப்பு பற்றிய கேள்விகளை எங்களிடம் அனுப்பிவிடுங்கள். பட்டியலுக்குப் போகும் முன் முதல் பேட்ச்களை ஒருமுறை நாங்கள் படித்துக் கொடுக்கிறோம்.

மிகுந்த நன்றியுடன்,
கெர்னலின் முன்னாள் பயிற்சியாளர்களும் விண்ணப்பதாரர்களும்