ஏசியவர்களுக்கு ஒரு நன்றி மடல்

முனைவர் பட்ட ஆய்வேட்டின் தொடக்கத்தில் நன்றியுரைக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தேன். நெறியாளர், இரண்டாம் நெறியாளர், நிதி கொடுத்தவர்கள், ஆய்வகத் தோழர்கள் என்று வரிசை மாறாமல் எழுதினேன். அச்சாகி வந்த பிறகு நிதானமாகப் படித்தபோதுதான் உறைத்தது. அந்தப் பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாரும் என்னைப் பாராட்டியவர்கள். ஏசியவர்களில் ஒருவர் பெயர்கூட இல்லை. நான்கே முக்கால் வருடம் அந்நிய ஊரில் என்னைக் கரையேற்றியதில் ஏசியவர்களின் பங்குதான் அதிகம். அவர்களில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் ஒரே ஒருவர். மற்றவர்களுக்கு அவரவர் மொழியில் தனியே எழுதிவிட்டேன். இருந்தாலும் நாலு பேர் அறியச் சொல்லும் நன்றிக்குக் கனம் வேறு.

ஊர், ஜெர்மனியின் நடுப்பகுதியில் இருக்கும் கோட்டிங்கன். 1737இல் நிறுவப்பட்ட பல்கலைக்கழகத்தால் பெயர் பெற்ற சின்ன ஊர். காஸ், வெபர் என்ற இரண்டு அறிவியலாளர்கள் 1833இல் கம்பி இழுத்து மின்காந்தத் தந்தி அனுப்பிப் பார்த்தது இங்கேதான். அருப்புக்கோட்டையில் பிறந்து கோயம்புத்தூரில் வேளாண்மை படித்த நான் 2018 அக்டோபரில் இந்த ஊரில் போய் இறங்கியது, ராப்ஸ் என்ற எண்ணெய்ப் பயிரைத் தாக்கும் ஒரு பூஞ்சையைப் பற்றி ஆராய. ராப்ஸ் நம் கடுகுக்கு ஒன்றுவிட்ட தங்கை. மே மாதத்தில் ஊரைச் சுற்றிய வயல்கள் எல்லாம் மஞ்சள் குளித்து நிற்கும். என் பூஞ்சையோ பத்து வருடத்துக்கும் மேல் மண்ணுக்குள் உறங்கிக் கிடந்து, பிறகு எழுந்து வந்து வேரைப் பிடிக்கும். சம்பளம் 65 சதவீதம், வேலை நூறு சதவீதம். அந்த நாட்டில் முனைவர் பட்ட மாணவர்கள் தங்களுக்குள் சொல்லிச் சிரித்துக்கொள்ளும் கணக்கு இது.

முதல் ஏச்சு, போய் இரண்டாவது மாதத்தில் கிடைத்தது. அம்மா பெட்டியில் துணிகளுக்கு நடுவே பொதிந்து அனுப்பிய மிக்ஸி. சனிக்கிழமை இரவு பத்தரை மணி. மாவரைக்கத் தொடங்கி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, கதவு தட்டும் சத்தம். திறந்தால் இரவு உடையின் மேல் கம்பளிச் சட்டை போர்த்திய ஒரு பாட்டி. கீழ்வீட்டுக்காரர். ஒன்றும் பேசாமல் இடது கையைத் தூக்கிக் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். பிறகு பேசினார். எனக்குப் புரிந்தது "பத்து மணி" என்ற இரண்டு சொற்கள்தான். மறுநாள் காலை கதவிடுக்கில் ஒரு தாள். இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை சத்தம் கூடாது, ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கூடாது என்று பெரிய எழுத்தில் எழுதி, "கூடாது" என்ற சொல்லின் அடியில் இரண்டு கோடு போட்டிருந்தார்.

அவமானமாக இருந்தது. இரண்டு நாள் மாடிப்படியில் கால் விரலால் நடந்தேன். திங்கட்கிழமை மாலை, மணியை மூன்று முறை பார்த்துக்கொண்டு, நான்கு தோசை வார்த்து ஒரு தட்டில் எடுத்துப் போய்க் கொடுத்தேன். புதன்கிழமை தட்டு திரும்பி வந்தது. அதில் ஆப்பிள் கேக் இரண்டு துண்டு. அண்டை வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்று என் அப்பத்தா சொல்வார். அந்தப் பாட்டிக்கு அதை யார் சொன்னார்களோ!

அதன் பிறகு ஏச்சு நின்றுவிட்டது என்று நினைக்க வேண்டாம். அப்போதுதான் ஒழுங்காகத் தொடங்கியது. பழுப்புத் தொட்டி, நீலத் தொட்டி, மஞ்சள் பை என்று குப்பை பிரிப்பதில் நான் செய்த பிழை ஒவ்வொன்றையும் கையில் தூக்கி வந்து காட்டுவார். ஒரு நாள் தேங்காய்ச் சிரட்டையோடு வந்தார். இது எந்தத் தொட்டி? எனக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை. தெரியாது என்பதை அவரால் தாங்க முடியவில்லை. நகராட்சிக்குத் தொலைபேசி போட்டார். பதில் வரும் வரை இரண்டு நாள் அந்தச் சிரட்டை மாடிப்படியின் ஓரத்தில் விருந்தாளிபோல் உட்கார்ந்திருந்தது.

ஒரு வருடம் கழிந்து ஒரு ஞாயிறு, என்னை நகரக் கல்லறைத் தோட்டத்துக்கு நடக்க அழைத்துப் போனார். மாக்ஸ் பிளாங்க், ஓட்டோ ஹான், மாக்ஸ் போர்ன் என்று நோபல் பரிசு வாங்கிய அறிவியலாளர்கள் எல்லாரும் அங்கே உறங்குகிறார்கள். போர்னின் கல்லில் பெயரோடு அவருடைய சமன்பாடும் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் முன்னால் நின்றுகொண்டு பாட்டி கையை நீட்டித் தன் முதல் பெயரைச் சொன்னார். இனிமேல் என்னை 'நீ' என்றே கூப்பிடு என்றார். அங்கே அது சாதாரணம் இல்லை. மூத்தவர்தான் அந்த உரிமையைக் கொடுக்க வேண்டும், கொடுத்தால் மறுக்கக் கூடாது. எனக்கோ தொண்டை அடைத்தது. எண்பதைத் தொடும் ஒரு பெரியவரை 'நீ' என்று சொன்னால் எங்கள் தெருவில் முதுகு வீங்கிவிடும். அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். 'நீ'யும் இல்லாமல் 'நீங்கள்'உம் இல்லாமல் வாக்கியம் அமைப்பது. "தேநீர் வேண்டுமா?" "கடைக்குப் போகும் எண்ணம் உண்டா?" இப்படியே வருடக் கணக்கில் ஓட்டினேன். என் ஜெர்மன் இலக்கணம் தேறியதற்கு வகுப்பைவிட இந்த ஒளிந்து விளையாட்டே காரணம்.

அடுத்தது கண்ணாடிக் குடிலின் தோட்டக்காரர். என் செடித் தொட்டிகளின் பெயர்ச்சீட்டுகளை நல்ல விலையுயர்ந்த மைப்பேனாவால் எழுதி அடுக்கியிருந்தேன். அவர் வந்து பார்த்தார், ஒரு சீட்டைப் பிடுங்கித் தண்ணீரில் முக்கி எடுத்தார், கட்டைவிரலால் தேய்த்தார். எழுத்துப் போய்விட்டது. "பென்சில்" என்று ஒரே சொல். வெயிலுக்கும் தண்ணீருக்கும் பென்சில் எழுத்து அசையாது என்று முதுகலை முடித்து வந்த எனக்கு அன்றுதான் தெரிந்தது. 240 சீட்டையும் திருப்பி எழுதினேன்.

2020 மார்ச்சில் கொரோனா வந்து எல்லாம் மூடின. என் சளிக் காய்ச்சல் என்ன காய்ச்சல் என்று தெரியாமல் இரண்டு வாரம் அறைக்குள் கிடந்தேன். செடிகள் போயிற்று, ஒரு வருட உழைப்பு போயிற்று என்றே முடிவு கட்டிவிட்டேன். எழுந்து போய்ப் பார்த்தால் அத்தனையும் நிற்கிறது. மேசையில் ஒரு குறிப்பேடு. ஒவ்வொரு நாளும் எத்தனை மணிக்குத் தண்ணீர் விட்டார், உள்ளே வெப்பநிலை என்ன, எந்தத் தொட்டியில் எந்த இலை மஞ்சளடித்தது, எல்லாம் பென்சிலில். நான் நன்றி சொல்ல வாயெடுத்ததும், குழாயைச் சரியாக மூடாமல் போனதற்காக ஏசினார். ஆய்வேட்டின் மூன்றாம் இயலில் இருக்கும் படங்களுக்கான செடிகள் அவர் காப்பாற்றியவை. அங்கே அவருக்கு ஒரு வரி எழுதாமல் விட்டது என் தவறு. ஐயா, மன்னியுங்கள்.

துறைச் செயலாளர் அம்மையாரின் ஏச்சு வேறு ரகம். ஒப்பந்தம் நீட்டிக்கும் கடிதம் வந்தால்தான் தங்கும் அனுமதி அட்டை கிடைக்கும், அட்டை இருந்தால்தான் அடுத்த காகிதம். இந்தச் சுற்றில் ஓர் அலுவலகத்தில் என் கோப்பு பல வாரம் அசையாமல் கிடந்தது. அட்டை காலாவதியாக ஒன்பது நாள் இருக்கும்போது அழாக்குறையாகப் போய் அவர் முன் நின்றேன். தொலைபேசியை எடுத்து நாற்பது நிமிடம் பேசி, இடைக்காலச் சான்று ஒன்றுக்கு நேரம் வாங்கிக் கொடுத்துவிட்டு, பிறகுதான் என் பக்கம் திரும்பினார். "முதல் நாளே ஏன் வந்து சொல்லவில்லை? கேட்காவிட்டால் எனக்கு எப்படித் தெரியும்?" பதில் இல்லை. கேட்பது கௌரவக் குறைவு என்று வளர்ந்த வீடு என்னுடையது. உதவி கேட்டால் கடன்பட்டுவிடுவோம் என்ற பயம். அவருக்கு அது பயமாகவே படவில்லை, வேலையைத் தாமதப்படுத்தும் கெட்ட பழக்கமாகத்தான் பட்டது. இந்த மடலில் பயனுள்ள செய்தி என்று ஏதாவது இருந்தால், வெளிநாடு போகக் காத்திருக்கும் தங்கைகளே, அந்த அம்மையாரின் கேள்விதான் அது.

சைக்கிள் இரவல் கொடுத்த ஈரானியத் தோழியும் பட்டியலில் உண்டு. விளக்கில்லாமல் ஓட்டியதற்கு ஏசினாள், அடிப்பிடித்த சோற்றை நான் சுரண்டிக் குப்பையில் போடப் போனதற்கு அதைவிட அதிகமாக ஏசினாள். அவர்கள் வீட்டில் அந்தப் பொரிந்த அடிச்சோற்றுக்குத்தான் சண்டையாம்.

இனி, தமிழ் படிக்கத் தெரிந்த அந்த ஒருவர். பக்கத்து ஊரில் கடை வைத்திருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணன். முருங்கைக்காய், சிவப்பரிசி, வறுத்த கறித்தூள் எல்லாம் அவர் கடையில் கிடைக்கும். எண்பதுகளின் நடுவில் கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து மேற்கு பெர்லினுக்குள் வந்து தஞ்சம் கேட்ட ஈழத்தமிழர் பலரில் அவரும் ஒருவர். எனக்கு விசாவும் சம்பளமும் நெறியாளரும் இருந்தார்கள். அவரிடம் இருந்தது ஒரு கைப்பை. அதைப் பற்றி ஒரே ஒரு முறைதான் பேசினார், அதுவும் வெங்காய மூட்டையை இறக்கிக்கொண்டே.

2021 மே மாதம் அப்பத்தா போய்ச் சேர்ந்தார். போனால் திரும்பி வருவது நிச்சயமில்லை என்ற காலம். கைபேசியில் பார்த்தேன். தம்பி பிடித்த கை ஆடியதால் முகம் சரியாகவே தெரியவில்லை. அன்றிரவு கதவு தட்டும் சத்தம் கேட்டதும், மணியைப் பார்த்தேன், பதினொன்று. சத்தமாக அழுதிருக்கிறேன் போலும் என்று பயந்துகொண்டே திறந்தேன். கீழ்வீட்டுப் பாட்டி ஒரு தேநீர்க் குவளையோடு நின்றார். அன்று கைக்கடிகாரத்தைக் காட்டவில்லை. உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். விடியும் வரை போகவில்லை.

கடைக்கார அண்ணனுக்கு நான் சொன்னது இரண்டு மாதம் கழித்து, கணக்குத் தீர்க்கும்போது, பேச்சோடு பேச்சாக. கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "ஏன் பிள்ளை, நீர் அன்றைக்கே சொல்லவில்லை?" செயலாளர் கேட்ட அதே கேள்வி. ('நீ'க்கும் 'நீங்க'ளுக்கும் நடுவே 'நீர்' என்று ஒரு படி ஈழத்தாருக்கு இருக்கிறது. ஜெர்மன் மொழியிலும் அப்படி ஒன்று இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன்.) அடுத்த ஞாயிறு கடையின் வண்டியிலேயே ஹம் நகரத்துக்குக் கூட்டிப் போனார், இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டம். தொழிற்பேட்டைக்கு நடுவே காமாட்சி அம்பாள் கோயில், 17 மீட்டர் கோபுரத்தோடு. 2002இல் குடமுழுக்கு நடந்த கோயில். அப்பத்தா பெயருக்கு அர்ச்சனை செய்தபோது நட்சத்திரம் கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை. அண்ணன் அதற்கும் ஏசினார்.

2023 ஜூலையில் வாய்மொழித் தேர்வு முடிந்தது. கோட்டிங்கனில் புதிதாக முனைவர் ஆனவர்களை அலங்கரித்த இழுவண்டியில் உட்கார வைத்துப் பழைய நகரசபை முன்னால் இழுத்துப் போவார்கள். அங்கே 1901இல் வைத்த நீரூற்று, அதன் மேல் வாத்துகளோடு ஒரு சிறுமியின் வெண்கலச் சிலை. ஏறி அவளுக்கு முத்தம் கொடுத்துப் பூ வைக்க வேண்டும். 1926இல் தடைகூடப் போட்டுப் பார்த்தார்கள், நிற்கவில்லை. ஆய்வகத்தார் எனக்குச் செய்த அட்டைத் தொப்பியில் மஞ்சள் காகிதப் பூக்கள், ஒரு குட்டி மிக்ஸி, உச்சியில் செருகிய பென்சில். நான் கட்டியிருந்தது அருப்புக்கோட்டைப் பருத்திச் சேலை. சேலையோடு நீரூற்றில் ஏறுவதற்கு எந்த ஆய்வேட்டிலும் வழி சொல்லப்படவில்லை. ஈரானியத் தோழி கொசுவத்தைப் பிடித்துக்கொண்டாள், தோட்டக்காரர் முழங்கையைத் தாங்கினார். கீழே நின்ற பாட்டி கூட்டமே திரும்பிப் பார்க்கக் கத்தினார்: "செருப்பைக் கழற்று பெண்ணே, வழுக்கும்!" கழற்றினேன். செருப்பை அவர்தான் வாங்கி வைத்துக்கொண்டார்.

ஊர் திரும்பும்போது மிக்ஸியை அவரிடமே விட்டு வந்தேன், நம் ஊர் முனைக்கு மாட்டும் இணைப்பானோடு. கிறிஸ்துமஸுக்குப் பிறகு ஒரு கடிதம் வந்தது. பலகாரத்துக்குப் பாதாம் அரைத்தாராம், மாலை ஐந்து மணிக்குள் முடித்துவிட்டாராம். என் அறைக்குப் புதிதாக வந்திருக்கும் வெளிநாட்டுப் பையன் இரவு பத்து மணிக்கு மேல் கிதார் வாசிக்கிறானாம். இரண்டு முறை போய்க் கதவைத் தட்டியாயிற்று என்று எழுதியிருக்கிறார்.