பிரைட்டனில் நம் மன்றத்தின் ஓராண்டு: செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற ஆண்டுப் பொதுக்குழுவில் இந்தப் பொறுப்பை என் தலையில் கட்டியபோது, "ஆறு கூட்டம், ஒரு பொங்கல், ஒரு நிதி திரட்டல், அவ்வளவுதான் வேலை" என்றார் முன்னாள் செயலாளர். சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுவதும் செயலாளர் வேலை என்பதை அவர் சொல்லவில்லை.

ஆண்டுத் தொடக்கத்தில் 61 உறுப்பினர்கள் இருந்தோம். ஆறு பேர் ஊர் மாறிப் போனார்கள், இருவர் புதிதாகச் சேர்ந்தார்கள், இப்போது 57 பேர். வாடகை தாங்காமல் பக்கத்து ஊர்களான வொர்த்திங்குக்கும் நியூஹேவனுக்கும் குடிபோனவர்கள் உறுப்பினர்களாகவே தொடர்கிறார்கள். ரயில் பிடித்துக் கூட்டத்துக்கு வருவதும் அவர்கள்தான், முதலில் வந்து நாற்காலி போடுவதும் அவர்கள்தான். உள்ளூரிலேயே இருப்பவர்கள் பாயசம் பரிமாறும் நேரத்துக்குச் சரியாக வந்துவிடுகிறார்கள்.

முன்பெல்லாம் நார்த் லேன் பகுதியில் மதிய உணவு இடைவேளையிலேயே கூட்டத்தை முடித்துவிடுவோம். வலைத்தள வடிவமைப்பு, கணினி விளையாட்டு, விளம்பரம் என்று நம்மில் பாதிப் பேருக்கு அந்தத் தெருக்களைச் சுற்றியே வேலை. இப்போது அலுவலகத்தில் ஆள் இருப்பது செவ்வாய் முதல் வியாழன் வரைதான். திங்களும் வெள்ளியும் அவரவர் வீட்டுச் சமையலறை மேசையே அலுவலகம். ஆகவே கூட்டத்தைப் புதன் மாலைக்கு மாற்றினோம், வருகையும் கூடியது. மே மாதக் கூட்டம் மட்டும் கோரம் (குறைந்தபட்ச வருகை) இல்லாமல் ஒத்திவைக்கப்பட்டது. அந்த மாதம் இந்த ஊரில் கலைவிழா மாதம். தெருவெல்லாம் கூத்தும் பாட்டுமாக இருக்கும்போது வரவுசெலவுக் கணக்குக் கேட்க யார் வருவார்கள்? தேதி குறித்தவன் நான், தவறும் என்னுடையதே.

அக்டோபரில் பாட்சம் வழியாக மேடேறி சத்ரி நினைவிடத்துக்கு நடந்து போனோம். 1914 முதல் 1916 வரை இந்த ஊர் ராஜமாளிகையான ராயல் பெவிலியன், காயமடைந்த இந்திய வீரர்களுக்கு மருத்துவமனையாக இருந்தது. இந்த ஊர் மருத்துவமனைகளில் இறந்த இந்து, சீக்கிய வீரர்களில் 53 பேர் அந்த மேட்டில்தான் எரியூட்டப்பட்டார்கள். அதே இடத்தில் எழுப்பிய வெள்ளைப் பளிங்கு மண்டபம் 1921 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. அன்று பெவிலியன் மருத்துவமனையில் அவரவர் சமய வழக்கப்படி சமைக்க ஒன்பது சமையலறைகள் வைத்திருந்தார்கள் என்று நடையின்போது சொன்னேன். நம் பொங்கல் விருந்துக்கு ஓர் அடுப்பா இரண்டு அடுப்பா என்று செயற்குழு மூன்று வாரம் வாதாடியது எல்லோருக்கும் நினைவு வந்திருக்க வேண்டும். யாரும் வாய் திறக்கவில்லை.

ஆண்டின் பெரிய காரியம், ஜூனில் நடந்த லண்டன் – பிரைட்டன் சைக்கிள் பயணம். இதயநோய் ஆராய்ச்சிக்கு நிதி தரும் தொண்டு நிறுவனமான பிரிட்டிஷ் ஹார்ட் ஃபவுண்டேஷனுக்காக நடப்பது. கிளாப்பம் காமனில் தொடங்கி இங்கே மடீரா டிரைவில் முடியும் 54 மைல், அதாவது ஏறக்குறைய 87 கிலோமீட்டர். நம் மன்றத்திலிருந்து ஒன்பது பேர் மிதித்தார்கள். அவர்களில் நால்வர் பள்ளிக்கூட நாளுக்குப் பிறகு சைக்கிளைத் தொடாதவர்கள். ஒருவர் தம்பியிடம் இரவல் வாங்கிய வண்டியில் வந்தார். இருக்கை உயரத்தை மாற்றும் திருகு துருப்பிடித்துப்போனதால், 54 மைலும் முழங்கால் மார்பில் இடிக்க மிதித்திருக்கிறார்.

நான் மிதிக்கவில்லை. டிச்லிங் பீக்கன் உச்சியில் எலுமிச்சைச் சாதப் பொட்டலங்களோடு காத்திருந்தேன். 248 மீட்டர் உயரமுள்ள மேடு அது. நாற்பது மைலுக்கு மேல் மிதித்து ஓய்ந்த கால்களுக்கு முன்னால் சுவர் போல எழுந்து நிற்கும். இறங்கித் தள்ளிக்கொண்டு வருபவர்களே அதிகம், அதில் வெட்கமில்லை. நம்மவர்களில் இருவர் இறங்காமலே ஏறினார்கள். மற்ற எழுவரும் தள்ளினார்கள். அந்த எழுவரில் ஒருவர் நம் தலைவர்.

ஒரு உறுப்பினர் மேலே வந்ததும் சாதப் பொட்டலத்தைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டு, சாப்பிடாமல் கீழே வயல்வெளியைப் பார்த்துக்கொண்டிருந்தார். களைப்பு என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தேன். "வேலை போய் மூணு வாரம் ஆச்சு அண்ணா, வீட்டில் இன்னும் சொல்லவில்லை" என்றார். அவர் திறன்சார் பணியாளர் விசாவில் இருப்பவர். வேலை முடிந்த செய்தி உள்துறைக்குப் போனால், பொதுவாக 60 நாள் அவகாசம் கொடுத்து விசாவைக் குறுக்கிவிடுவார்கள். அதற்குள் விசாவுக்குப் பொறுப்பேற்கும் வேறு நிறுவனம் கிடைக்க வேண்டும், இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டும். அந்த நிலையிலும் இதயநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட மிதித்துக்கொண்டிருந்தார். "பேர் கொடுத்தாச்சு, பின்வாங்கக் கூடாதில்லையா" என்றார். பிறகு சாப்பிட்டார்.

மறுநாளே செயற்குழுவில் நான்கு பேர் அவருடைய விவரத்தைத் தெரிந்த இடமெல்லாம் அனுப்பினார்கள். ரெடிங்கில் வேலை அமைந்தது. மேலே சொன்ன ஊர் மாறிய ஆறு பேரில் அவரும் ஒருவர்.

மடீரா டிரைவில் பயணம் முடிந்து கடற்கரையில் உட்கார்ந்தோம். இது மெரினா அல்ல, மணல் கிடையாது, எல்லாம் கூழாங்கல். செருப்பைக் கழற்றிய புது உறுப்பினர் துள்ளிய துள்ளலை மறக்க முடியாது. தலைவர் கையிலிருந்த வடையைக் கடற்காகம் ஒன்று பறித்துப் போனது. பாட்டியிடம் காகம் வடை திருடிய கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பாட வைத்து வடையை மீட்க இங்கே நரி இல்லை.

நிதி விவரத்தைப் பொருளாளர் படிப்பார். வசூலில் நேர்ந்த பிழைகளை மட்டும் நான் சொல்லிவிடுகிறேன். கிஃப்ட் எய்ட் முறையில், இங்கே வரி கட்டுபவர் 100 பவுண்ட் கொடுத்தால் அரசின் வரிச் சலுகையோடு தொண்டு நிறுவனத்துக்கு 125 பவுண்ட் சேரும். அதற்குக் கொடுப்பவரே தம் பெயரையும் வீட்டு முகவரியையும் எழுதி ஒப்புதல் தர வேண்டும். நாமோ உற்சாகத்தில் ஒரே தாளில் பெயரும் தொகையும் மட்டும் எழுதி வாங்கினோம். "பிரியா அக்கா வீடு – 20" என்ற வரியை வைத்துக்கொண்டு எந்த முகவரியைக் கண்டுபிடிப்பது? சமோசா விற்ற பணத்துக்கும் அந்தச் சலுகை கிடையாது, காசுக்குப் பண்டம் கொடுத்துவிட்டோமே. தருவதாகச் சொன்ன தொகையில் ஒரு பகுதி செப்டம்பர் வரை வரவில்லை. ஏழு பேருக்கு மூன்று முறை நினைவூட்டினேன். மேடு ஏறுவது இதைவிடச் சுலபம் என்று மிதித்தவர்களே சொன்னார்கள்.

உறுப்பினர் சிலர் வேலை செய்யும் ஒரு நிறுவனம், ஊழியர் திரட்டுவதற்கு ஈடாகத் தானும் அதே அளவு தருவதாக அறிவித்திருந்தது. படிவம் கொடுத்தோம், ரசீது கேட்டார்கள். ரசீது கொடுத்தோம், தனித்தனி ரசீது கேட்டார்கள். அதையும் திரட்டிக் கொடுத்தபோது நிதியாண்டு முடிந்துவிட்டது என்றார்கள். பயணத்தன்று எடுத்த படம் மட்டும் அந்த அலுவலகச் சுவரில் இருக்கிறது. அடுத்த ஆண்டு முதலில் படிவம், பிறகுதான் சைக்கிள்.

இனி ஒரு தீர்மானம். உறுப்பினருக்கு ஆபத்துக் காலத்தில் உதவ நம் விதிமுறையில் இடமே இல்லை. தொண்டுக்கென்று திரட்டியதை அதற்குத் தொட முடியாது, தொடவும் கூடாது. ஆகவே சந்தாவில் ஒரு பங்கை ஒதுக்கித் தனியே உதவி நிதி தொடங்க முன்மொழிகிறேன். யாருக்குக் கொடுப்பது என்ற வழக்கு பின்னால் வரும் என்று செயற்குழுவில் இருவர் எதிர்த்தார்கள். அவர்கள் கருத்தையும் குறிப்பேட்டில் பதிந்திருக்கிறேன். பொதுக்குழு விவாதித்து முடிவு செய்ய வேண்டும்.

நடைக்கு வழிகாட்டியவர்களுக்கும், பொங்கலுக்குப் பாத்திரம் கொடுத்தவர்களுக்கும், அதைக் கழுவிய மூவருக்கும் நன்றி. இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். மன்றத்தின் சைக்கிள் பம்ப் ஜூன் முதல் காணவில்லை. எடுத்தவர் யாராக இருந்தாலும் இன்று கூட்டம் முடிந்து போகும்போது கதவருகே வைத்துவிடலாம், பெயர் கேட்க மாட்டேன்.

இப்படிக்கு,
செயலாளர்