சினை நிற்காத மாட்டின் முதுகைத் தடவிப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மாடு வளர்ப்பைப் பற்றிப் பத்திரிகைகளில் வருவதையெல்லாம் விடாமல் படிக்கிறேன், பெரும்பாலும் எந்த இனம் அதிகம் பால் தரும் என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. ஆனால் நுவரெலியா மாவட்டத்தில் எங்கள் அக்கரப்பத்தனை, டயகம தேயிலைத் தோட்டங்களின் பக்கம் லயத்து வீடுகளுக்குப் பின்னால் கொட்டில் போட்டு ஒன்றிரண்டு மாடு வைத்திருக்கிறவர்களிடம் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். கன்று போட்டு நாலைந்து மாதமாகியும் மாடு பருவத்துக்கு வரவில்லை, வந்தாலும் சினை ஊசி போட்டது நிற்கவில்லை, 21 நாளில் திரும்பவும் பருவத்துக்கு வந்து கத்துகிறது என்பார்கள். உடனே ஊசியில் பிழை, போட்டவரில் பிழை, நேரம் பிந்திவிட்டது என்று ஆளுக்கொரு காரணம் வரும். நேரம் பிந்துவதும் உண்மைதான், பருவம் அரை நாள், மிஞ்சினால் ஒரு நாள்தான் நிற்கும். ஆனால் அந்த மாட்டின் உடம்பில் சதைப்பிடிப்பு இருக்கிறதா என்று முதலில் பார்ப்பவர் மிகக் குறைவு, அதனால்தான் இந்தக் கடிதம்.

கன்று போட்ட பிறகு பால் மளமளவென்று ஏறி ஒன்றரை, இரண்டு மாதத்தில் உச்சத்துக்குப் போகும். ஆனால் மாட்டின் தீனி அந்த வேகத்தில் ஏறாது, அது முழு அளவில் சாப்பிடத் தொடங்க இன்னும் சில வாரம் ஆகும். இடையில் விழுகிற பள்ளத்தை மாடு தன் உடம்புக் கொழுப்பைக் கரைத்துத்தான் நிரப்புகிறது. எல்லாக் கறவை மாட்டுக்கும் இது நடக்கும், நல்ல இன மாட்டுக்கு இன்னும் கடுமையாக நடக்கும். கரைக்கக் கொழுப்பே இல்லாத மாடு என்ன செய்யும்? உச்சப் பால் குறைந்துபோகும், அந்த உச்சத்தில் ஒரு லீட்டர் குறைந்தால் அந்தக் கறவை முழுவதிலும் 200 லீட்டர் அளவுக்குப் போய்விடும் என்பது பொதுவான கணக்கு. இரண்டாவது, உடம்பில் சத்து இல்லையென்று தெரிந்ததும் மூளை சூலகத்துக்கு அனுப்ப வேண்டிய ஹார்மோனைக் குறைத்துவிடும், முட்டை முதிர்ந்து வெளியே வராது, மாடு கத்தாது. அப்படியிருக்கும் மாட்டுக்கு எவ்வளவு நல்ல காளையின் விந்தைக் கொண்டுவந்து போட்டாலும் பயனில்லை. வருசத்துக்கு ஒரு கன்று வேண்டுமென்றால், சினைக்காலமே ஒன்பது மாதத்துக்கு மேல் என்பதால், கன்று போட்டு மூன்று மாதத்துக்குள் மாடு மறுபடி சினையாக வேண்டும், மெலிந்த மாட்டில் அந்த மூன்று மாதம் சும்மா கழிந்துவிடுகிறது.

இப்போது நாங்கள் நடைமுறையில் செய்வதைப் பாருங்கள். பால் காசில்தான் புண்ணாக்கும் தவிடும் வாங்குகிறோம். பால் குறையக் குறைய தீவனமும் குறையும், பாலை வற்றவிட்டதும் "சும்மா நிக்கிற மாட்டுக்கு எதுக்கு" என்று வெறும் புல்தான். எனக்குத் தெரிந்து இந்த மலைநாட்டில் கறவை மாட்டுக்கு நடக்கிற பெரிய அநியாயம் இதுதான், யார் மீதும் குற்றம் சொல்லவில்லை, கையில் காசில்லாமல் நடப்பது. ஆனால் கறவையின் கடைசி மூன்று நான்கு மாதத்தில்தான் மாடு இழந்த சதையைத் திரும்பப் பிடிக்கிறது, தின்றதை உடம்பில் சேர்ப்பதில் வற்றுக்காலத்தைவிட அந்தக் காலம்தான் நல்லது. அப்போது தினம் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தால் பலன் அடுத்த கன்றுக்குப் பிறகு பாலிலும் சினையிலும் தெரியும். ஜனவரியிலிருந்து மார்ச் வரை பனியும் வெயிலும் சேர்ந்து புல் கருகிப்போகிற நாட்களில் வற்றுக்கு வருகிற மாடுகள்தான் அதிகம் அடிபடுகின்றன. மழைக்காலத்தில் கட்டுக்கட்டாகப் புல் கிடைக்கும், ஆனால் இளம் புல்லில் பெரும்பகுதி தண்ணீர், கொழுந்தெடுத்துவிட்டு வந்து முதுகொடிய அதைச் சுமக்கிற பெண்களுக்கு இது தெரிய வேண்டும், வயிறு நிறைந்தால் சத்து நிறைந்ததாக ஆகாது.

வயிறுதான் நம்மை ஏமாற்றுவது. சினை மாட்டின் வயிறு பெருத்திருக்கும், நாம் கொழுத்த மாடு என்று நினைப்போம். பார்க்க வேண்டிய இடம் பின்பக்கம். மாட்டுக்குப் பின்னால் நின்று வால் அடியைப் பாருங்கள், அப்புறம் இடுப்பு எலும்பையும், விலாவுக்கும் இடுப்புக்கும் நடுவில் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கிற குட்டை எலும்புகளையும் கையால் தடவிப் பாருங்கள். பல நாடுகளில் இதற்கு 1 முதல் 5 வரை புள்ளி போடுகிறார்கள். வாலின் இரு பக்கமும் ஆழமாகக் குழிந்து, குட்டை எலும்புகளை ஒவ்வொன்றாக எண்ண முடிந்தால் 2 அல்லது அதற்கும் கீழ். மெல்ல அழுத்தினால் எலும்பு தட்டுப்பட்டால் 3. கன்று போடும்போது 3க்கும் மூன்றரைக்கும் இடையில் இருக்க வேண்டும், பிறகு பால் கொடுக்கிற வேகத்தில் அரைப் புள்ளிக்கு மேல் இறங்கவிடக் கூடாது. இதற்குத் தராசு வேண்டாம், காசு வேண்டாம்.

கொழுக்க வைத்தால் நல்லதுதானே என்றும் சிலர் கேட்கிறார்கள். இல்லை. 4க்கு மேல் போன மாடு கன்று போட கஷ்டப்படும், போட்ட பிறகு சரியாகத் தின்னாது, கொழுப்பு வேகமாகக் கரைந்து ஈரலில் போய்ப் படியும், அதுவும் சினை பிடிக்கப் பிந்தும். தோட்டத்து மாடுகளில் இது அபூர்வம். நன்றாகத் தின்றும் மெலிகிற மாடு என்றால் குடற்புழுவைச் சந்தேகிக்க வேண்டும், மிருக வைத்தியரிடம் காட்டுவதே சரி.

ஆசிரியர் அவர்களே, மூன்று மாடுகளின் பின்பக்கப் படத்தை, மெலிந்தது, அளவானது, கொழுத்தது என்று, உங்கள் பத்திரிகையில் அரைப் பக்கத்துக்குப் போடுங்கள். நாங்கள் வெட்டிக் கொட்டிலில் ஒட்டிக்கொள்வோம். ஊசி போட வருகிற உத்தியோகத்தர்கள் அட்டையில் திகதியோடு மாட்டின் புள்ளியையும் எழுதி, 2க்குக் கீழே இருந்தால் முதலில் தீனியைப் பாருங்கள் என்று வீட்டுக்காரரிடம் நேரே சொல்லட்டும். பால் சேகரிக்கிறவர்கள் கறவைக் காலத்தில் பால் காசில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துவைத்து, பால் குறைகிற மாதங்களில் தீவனமாகத் திருப்பிக் கொடுக்க ஓர் ஏற்பாடு செய்யலாம். தோட்ட நிர்வாகங்களிடமும் ஒரு வேண்டுகோள்: தேயிலை எடுக்க முடியாமல் காடேறிக் கிடக்கிற ஓரங்களில் மாடு வைத்திருப்பவர்கள் தீவனப் புல்லும் தீவன மரமும் நட அனுமதி கொடுங்கள், அடுத்த வறட்சி வருவதற்குள் நட்டால்தான் உதவும்.

இப்படிக்கு,
மாடு வளர்க்கும் வாசகர்,
அக்கரப்பத்தனை.