எல்எம்ஜி தூக்கிய பெரியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலைப் பக்கத்து முன்னாள் படைவீரர்களான பெரியவர்களுக்கு வணக்கம்.

உங்களில் ஒருவருடைய பேத்தி நான். பட்டாளத்தில் என்னவாக இருந்தீர்கள் என்று யார் கேட்டாலும் தாத்தா தன் ரேங்கைச் சொல்ல மாட்டார். "எல்எம்ஜிக்கு நம்பர் டூ" என்பார். எல்எம்ஜி என்றால் இலகு இயந்திரத் துப்பாக்கி; சுடுகிறவர் நம்பர் ஒன், பக்கத்தில் படுத்துத் தோட்டா டப்பாவும் சுடும் குழலும் மாற்றிக் கொடுப்பவர் நம்பர் டூ. போன தை மாதம் தவறிவிட்டார். அவருக்குத் தெரிந்ததில் பாதியைக்கூட நான் எழுதி வைக்கவில்லை. அந்த வருத்தத்தில்தான் உங்களிடம் வந்து நிற்கிறேன்: கையில் இருக்கும் அந்த வித்தையைத் தமிழில் சொல்லிக் கொடுங்கள், நாங்கள் எழுதிக்கொள்கிறோம்.

ஒருநாள் சாயங்காலம் கரண்ட் போயிருந்தது. உங்க எல்எம்ஜி, அந்தப் பிரென் துப்பாக்கி, எப்படி இருக்கும் தாத்தா என்று கேட்டேன். எழுபத்தெட்டு வயதில் திண்ணையில் குப்புறப் படுத்துவிட்டார். பூரிக்கட்டைதான் துப்பாக்கி. என்னை நம்பர் ஒன்னாகப் படுக்க வைத்து, என் இடது பக்கம் அவர் ஒட்டிக்கொண்டார். தோட்டா அடைக்கும் மேகசின் மேலே நிற்கும், அது கண்ணை மறைக்கும், அதனால் குறி பார்ப்பதை இடது பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறான், இடக்கைக்காரனாக இருந்தாலும் வலது தோளில்தான் வைக்க வேண்டும் என்றார். மேலே ஏன் வைத்தான் என்றேன். "தரையோட தரையா படுத்திருக்கிறப்ப கீழே மேகசின் இருந்தா இடிக்குமில்ல? மேலே இருந்தா நான் படுத்த வாக்கிலேயே கழற்றி மாட்டிடுவேன்" என்றார்.

அந்த மேகசின் வாழைக்காய் மாதிரி வளைந்திருந்ததற்கும் காரணம் சொன்னார். பழைய பாயின்ட் 303 தோட்டாவின் அடியில் விளிம்பு துருத்திக்கொண்டிருக்கும். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் வளைந்துதான் போகும். மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் உட்கார வேண்டும். மாறி உட்கார்ந்தால் சிக்கிக்கொள்ளும். முப்பது பிடிக்கும் மேகசினில் ஸ்பிரிங் தளராமல் இருக்க இருபத்தெட்டுதான் போடுவார்களாம். பிற்பாடு அதே துப்பாக்கியை 7.62 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு மாற்றியபோது, அந்தத் தோட்டாவுக்குத் துருத்தும் விளிம்பு இல்லாததால் மேகசினும் கிட்டத்தட்ட நேராகிவிட்டது. ஒரு தகர டப்பாவின் வளைவுக்குள் இவ்வளவு சங்கதி இருக்கிறதென்று எனக்கு எந்தப் பாடப்புத்தகமும் சொல்லவில்லை.

இதெல்லாம் ராணுவ ரகசியம், வெளியே சொல்லக்கூடாது என்று உங்களில் சிலர் தயங்குகிறீர்கள். அந்தக் கட்டுப்பாட்டுக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் பிரென் ரகசியம் இல்லை ஐயா. செக்கோஸ்லோவாகியாவின் பர்னோ நகரில் வாட்ஸ்லாவ் ஹோலெக் என்பவர் உருவாக்கிய துப்பாக்கியை வாங்கி, இங்கிலாந்தின் என்ஃபீல்டில் மாற்றிச் செய்தார்கள். ஆங்கிலத்தில் பர்னோவின் (Brno) முதல் இரண்டு எழுத்தும் என்ஃபீல்டின் (Enfield) முதல் இரண்டு எழுத்தும் சேர்ந்ததுதான் பிரென் (Bren). 1930களின் சரக்கு அது. அப்புறம் நம் இஷாபூர் தொழிற்சாலையிலும் செய்தார்கள். பிறகு நம் படைக்கு நம் நாட்டிலேயே உருவாக்கிய இன்சாஸ் எல்எம்ஜி வந்தது. 2020இல் இஸ்ரேலின் நெகேவ் துப்பாக்கி 16,479 வாங்க ஒப்பந்தம் போட்டார்கள். நீங்கள் தூக்கியது இன்று அருங்காட்சியகங்களில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. அதன் நீளமும் எடையும் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். பத்துக் கிலோவைத் தோளில் போட்டுக்கொண்டு மலை ஏறினால் எந்த எலும்பு முதலில் வலிக்கும் என்பது உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

நம் வேலூர் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. முதல் உலகப் போருக்கு இங்கிருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. பஜாருக்குப் போகும்போதெல்லாம் அதைப் பார்க்கிறேன். எண்ணிக்கை இருக்கிறது. அந்த 277 பேரும் கையில் எதைப் பிடித்தார்கள், எப்படிப் பழகினார்கள், வீட்டுக்கு வந்து என்ன சொன்னார்கள் என்று ஒரு வரி இல்லை. கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்று பெருமையாகச் சொல்கிறோமே, அங்கேயும் வீட்டுக்கு வீடு சீருடைப் படம்தான் மாட்டியிருக்கிறது. படத்துக்குப் பின்னால் இருக்கும் பேச்சு மிலிட்டரி கேன்டீன் வரிசையில் உங்களுக்குள்ளேயே தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது.

யாரைச் சுட்டீர்கள் என்று கேட்க மாட்டோம். 65, 71 பாகிஸ்தான் போர்களைப் பற்றிப் பேசும்போது தாத்தா எந்த இடத்தில் நிறுத்துவார் என்று எனக்குத் தெரியும். அந்த இடத்தில் நாங்களும் நிறுத்திக்கொள்வோம். எங்களுக்கு வேண்டியது வேலை. கன் திடீரென்று நின்றுவிட்டால் முதலில் மேகசினைப் பார்ப்பது, மறுபடியும் நின்றால் கேஸ் வரும் துளையை அடுத்த பெரிய துளைக்குத் திருப்புவது, புல்துரு என்கிற இழுகயிற்றில் 'சிந்தி' என்கிற துண்டுத் துணி கட்டிப் பேரலை, அதாவது சுடும் குழலை, துடைப்பது, இதையெல்லாம் நீங்கள் சொல்லும் வார்த்தையிலேயே வேண்டும். இந்தியும் இங்கிலீஷும் நம் வடாற்காட்டுத் தமிழும் கலந்த அந்தப் பட்டாளப் பேச்சு உங்களோடு நின்றுவிடக் கூடாது.

பேரப்பிள்ளைகளுக்கும் சொல்கிறேன். செல்போனில் ரெக்கார்டு போட்டுத் திண்ணையில் வையுங்கள், போதும். கூப்பிட்டால் நானே நோட்டுப் புத்தகத்தோடு வருகிறேன்.

அன்றைக்குத் திண்ணையில் தாத்தா பேரல் மாற்றிக் காட்டினார். வேகமாகச் சுட்டால் பத்து மேகசினில் பேரல் தொட முடியாத சூடாகிவிடும். அதற்காகவே தூக்கும் கைப்பிடியைப் பேரலோடு சேர்த்து வைத்திருக்கிறான். நட்டின் பிடியை மேலே தூக்கு, கைப்பிடியைப் பிடித்து முன்னால் தள்ளு, அடுத்ததை மாட்டு. பூரிக்கட்டையில் அதை மூன்று தரம் செய்தார். கழற்றிய பேரலை எங்கே வைப்பீர்கள் தாத்தா, காய்ந்த புல்லில் வைத்தால் பற்றிக்கொள்ளாதா என்று கேட்டேன். "அதுக்கு ஒரு வழி இருக்குது" என்று ஆரம்பித்தார். அதற்குள் கரண்ட் வந்துவிட்டது, அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். மறுபடி நான் கேட்கவே இல்லை. நம்பர் டூவாக இருந்த யாராவது இதைப் படித்தால் சொல்லுங்கள் ஐயா, அந்தச் சூடான பேரலை எங்கே வைப்பீர்கள்?