கார்டுகளுக்குள் இருக்கும் குரல்கள்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பணி ஓய்வு பெற்ற கையோடு டிஜிட்டல் பியானோ ஒன்றை வாங்கி, மகளின் பழைய பாடப் புத்தகங்களை வைத்துக்கொண்டு நீயாகவே கார்டுகளை, அதாவது பல சுரங்கள் ஒரே நேரத்தில் ஒலிக்கும் கூட்டுகளை, பழகி வருகிறாய் என்பதைப் படித்து மகிழ்ந்தேன். இங்கே அனைவரும் நலம். மழைக்காலத்து ஈரத்தில் என் பழைய பியானோ சுருதி இறங்கிவிட்டது. சரிசெய்பவர் வரும் நாளுக்காகக் காத்திருக்கிறேன்.

கட்டைகளைப் பிழையின்றி அழுத்தியும் தட்டச்சு செய்வது போலத்தான் ஒலிக்கிறது என்று நீ வருந்தியிருந்தாய். நீ எந்த கார்டுகளை எப்படி வாசிக்கிறாய் என்று எழுதியிருந்த பட்டியலைப் பார்த்தபோது காரணம் விளங்கியது. சி மேஜரிலிருந்து எஃப் மேஜருக்கும், அங்கிருந்து ஜி மேஜருக்கும் கையை அப்படியே தூக்கி வைக்கிறாய். மூன்று விரல்களும் ஒரே அமைப்பில், ஒரே அழுத்தத்தில் இடம் மாறுகின்றன. சிறுவயதில் பாட்டு வகுப்பில் ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்குப் போகும் வழியைத்தானே நாம் மாதக்கணக்கில் பழகினோம்? கார்டுகளிலும் அந்த வழிதான் இசை. ஒரு வரிக்குப் பதிலாக மூன்று நான்கு வரிகள் ஒரே நேரத்தில் நடக்கின்றன, அவ்வளவே. அந்த வரி ஒவ்வொன்றையும்தான் குரல் என்கிறேன்.

இதைச் செய்து பார். வலக்கையில் சி, இ, ஜி என்ற மூன்று சுரங்கள். அடுத்து சி-யை விடாமல் பிடித்துக்கொண்டு, இ-யை எஃப்-க்கும் ஜி-யை ஏ-க்கும் நகர்த்து. எஃப் மேஜர் வந்துவிடும். பிறகு எஃப்-ஐப் பிடித்துக்கொண்டு சி-யை பி-க்கும் ஏ-யை ஜி-க்கும் இறக்கு. பி, எஃப், ஜி என்ற இந்தக் கூட்டில் ஓர் இழுவிசை இருப்பதைக் காது உடனே உணரும். பி மேலே சி-க்குப் போகத் துடிக்கும். எஃப் கீழே இ-க்கு இறங்கத் துடிக்கும். அந்த இரண்டையும் அவற்றின் போக்கில் விட்டால் நீ தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்வாய். கை ஏறக்குறைய அசையவே இல்லை என்பதையும் கவனி. இப்போது ஒவ்வொரு குரலையும் தனித்தனியே வாயால் பாடிக்கொண்டு, மற்றவற்றை விரலால் வாசி. நடுக்குரலைப் பாடுவதுதான் கடினம். அது பழகிவிட்டால் உன் வாசிப்பு மாறத் தொடங்கிவிடும். இழுவிசை உள்ள கார்டுக்குச் சற்றே கூடுதல் அழுத்தமும், அது தீர்ந்து அமரும் கார்டுக்குக் குறைந்த அழுத்தமும் கொடு. இரண்டையும் சமமாக ஒலிக்கச் செய்வதுதான் தட்டச்சு ஒலிக்கு முதல் காரணம் என்பது என் கருத்து.

அடுத்தது, ஒரே கார்டுக்குள் எந்தச் சுரம் பேச வேண்டும் என்பது. பெரும்பாலும் மேல் சுரம்தான் மெலடியை, அதாவது முதன்மை மெட்டை, சுமக்கும். ஆனால் வலக்கையில் அது வலுக் குறைந்த சுண்டுவிரலில் அல்லவா விழுகிறது! கட்டைவிரலோ கேட்காமலேயே இடிக்கும். இதற்கு நான் பரிந்துரைக்கும் பயிற்சி, மேல் சுரத்தை நீட்டிப் பிடித்துக்கொண்டு, கீழ்ச் சுரங்களை மட்டும் மெல்லத் தொட்டு உடனே விடுவது. கையின் எடை சுண்டுவிரல் பக்கம் சாய்வதை உணர்ந்த பிறகு எல்லாவற்றையும் சேர்த்துப் பிடி. பின்னர் அதே கார்டில் நடுச்சுரத்தையும், அதன்பின் அடிச்சுரத்தையும் மேலெழச் செய். மணிக்கட்டு இறுகினால் நிறுத்திவிடு. பியானோவில் சுத்தியல் கம்பியைத் தொடுவதற்குச் சற்று முன்பே கட்டையின் பிடியிலிருந்து விடுபட்டுவிடுகிறது. அதற்குப் பிறகு கட்டையை எவ்வளவு அழுத்தினாலும் ஒலி மாறாது. எனவே அழுத்தும் வேகமும் நேரமும் மட்டுமே உன் கையில் இருக்கின்றன. டிஜிட்டல் கருவியும் அந்த வேகத்தை அளந்துதான் ஒலியைத் தருகிறது என்பதால், இந்தப் பயிற்சிகளுக்கு உன் கருவி தாராளமாகப் போதும்.

கருவியின் தரத்தைப் பற்றி நீ குறைபட்டிருந்ததால் இதையும் சொல்கிறேன். இசையமைப்பாளர் ஷோபான் தம் 24 பிரெலூடுகளை, அதாவது சிறு பியானோ உருப்படிகளை, முடித்தது 1838-39 குளிர்காலத்தில், மயோர்க்கா தீவில். பாரிசிலிருந்து அவருக்கு அனுப்பப்பட்ட பிளேயல் நிறுவனத்தின் பியானோ சுங்கத்தில் சிக்கித் தாமதமாகி, ஜனவரியில்தான் கைக்குக் கிடைத்தது. அதுவரை உள்ளூரில் கிடைத்த ஒரு மட்டமான பியானோவில்தான் அவர் காலம் தள்ளினார்.

அந்தத் தொகுப்பின் நான்காவது, இ மைனர் பிரெலூடைத்தான் நீ அடுத்து எடுக்க வேண்டும். 25 பார்களே (தாளப் பகுதிகளே) கொண்டது; வேகமும் இல்லை. வலக்கை மெலடி நெடுநேரம் பி-க்கும் சி-க்கும் இடையே தயங்கிக்கொண்டே இருக்க, இடக்கை மூன்று சுர கார்டுகளை ஒரே சீராகத் திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. அந்தக் கார்டுகள் ஒட்டுமொத்தமாக மாறுவதில்லை. ஒரு முறை ஒரு குரல், இன்னொரு முறை வேறொரு குரல் என்று பெரும்பாலும் அரைச்சுரம் அரைச்சுரமாக, அதாவது அடுத்தடுத்த கட்டைக்கு, இறங்குகின்றன. எந்தக் குரல் இறங்குகிறது என்று ஒவ்வோர் இடத்திலும் பென்சிலால் வட்டமிட்டுக்கொள். வாசிக்கும்போது அந்த ஒரு விரலுக்கு மட்டும் மயிரிழை அளவு அழுத்தம் கூட்டு. மற்ற இரண்டும் பின்னணியில் நிற்கட்டும். மெலடியின் நீண்ட சுரம் அடித்த கணத்திலிருந்தே தேய்ந்துகொண்டிருக்கும் ஆகையால், அதன் கீழ் வரும் கார்டுகள் அந்தத் தேய்மானத்தை விஞ்சிவிடக் கூடாது. இதைக் காதால்தான் அளக்க முடியும், தாளில் எழுதியிருக்காது. தம் மாணவர்கள் நல்ல பாடகர்களைக் கேட்க வேண்டும் என்று ஷோபான் வற்புறுத்தியதன் காரணமும் இதுவாகவே இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஒலியை நீட்டிக்கும் கால்மிதியான பெடலைப் பற்றிச் சுருக்கமாக: கார்டை அடிக்கும் அதே கணத்தில் காலைத் தூக்கி, அடித்த பிறகு மீண்டும் அழுத்து. அடிக்கும்போதே அழுத்தினால் முந்தைய கார்டின் மிச்சம் ஒட்டிக்கொள்ளும். முதல் சில வாரங்களுக்குப் பெடலே வேண்டாம். விரல்களால் இணைக்கத் தெரியாததைக் கால் மறைத்துவிடும்.

இதில் தேறியபின் அதே தொகுப்பின் இருபதாவது, சி மைனர் பிரெலூடைப் பார்க்கலாம். 13 பார்கள், முழுவதும் கனத்த கார்டுகள். முதல் நான்கு பார்கள் மிக உரக்க. அடுத்த நான்கு மென்மையாக. அதே நான்கு மறுபடியும், இன்னும் மென்மையாக. அந்த மறுபடியை என்ன செய்வது என்பதில்தான் வாசிப்பவரின் ரசனை தெரியும். நான் முதல்முறை மேல் குரலையும், இரண்டாம் முறை இடக்கையில் அரைச்சுரமாக இறங்கும் அடிக்குரலையும் முன்னே கொண்டுவருவேன். ஆசிரியர்கள் சிலர் இதை ஏற்கமாட்டார்கள். ஒலி குறைவதே போதும் என்பார்கள். நீயே முடிவு செய்துகொள்.

இ மைனர் பிரெலூடின் இடக்கையை மட்டும், தாளம் தட்டும் மெட்ரோனோம் கருவி இல்லாமல், கைபேசியில் பதிவுசெய்து அனுப்பு. வட்டமிட்ட குரல்கள் எனக்குக் கேட்கின்றனவா என்று எழுதுகிறேன். வீட்டில் அனைவருக்கும் என் அன்பைச் சொல்.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்