சிறகுள்ள எழுத்து

மிசுசாவா, ஓஷு நகரம், ஜப்பான்
ஜனவரி 2026

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நலமறிய ஆவல். இங்கே பனி கொட்டுகிறது. குளிர்கூடப் பழகிவிட்டது, இவர்கள் எழுத்துதான் இன்னும் பழகவில்லை.

போனில் "நீ அனுப்புகிற போட்டோவில் எல்லாம் 17ஆம் நம்பர் சட்டையோடு நிற்பது யாருடா?" என்று கேட்டீர்களே, அவர்தான் ஷோஹெய் ஓட்டானி. பேஸ்பால் பந்துவீச்சாளர். 1994இல் இதே ஊரில் பிறந்தவர். அவருடைய அப்பாவும் என்னைப் போலத் தொழிற்சாலைக்காரர்தான். வேலை முடிந்து வந்து மகனுக்கு விளையாட்டு சொல்லிக்கொடுத்திருக்கிறார். நகராட்சி அலுவலகத்தில் ஓட்டானியின் கையை அச்செடுத்து வைத்திருக்கிறார்கள், வருகிறவர்கள் கைகுலுக்க. நானும் குலுக்கிவிட்டு வந்தேன்.

கூட வேலை செய்யும் பெரியவர் ஒருவர் ஷோஹெய் என்ற அந்தப் பெயரை வைத்துத்தான் எனக்கு எழுத்து சொல்லித்தந்தார். இவர்கள் பெயர்களில் வரும் எழுத்துக்குப் பொருளும் உண்டு. 'ஷோ' என்றால் உயரப் பறப்பது. எழுத்தின் ஒரு பாதியே இறகுதான். 'ஹெய்' என்பது பக்கத்து ஊரான ஹிராயிசுமியின் முதல் எழுத்து. ஊர்ப் பெயரில் 'ஹிரா' என்று படிக்கிறார்கள், இவர் பெயரில் 'ஹெய்' என்று. யோஷிட்சுனே என்ற வீரர் தன் அண்ணனுக்குத் தப்பி வந்து அடைக்கலம் புகுந்து, 1189இல் உயிர்விட்ட ஊர் அது. கடற்போரில் எட்டுப் படகுகளைத் தாவிக் கடந்தார் என்று அவரைப் பற்றி ஒரு கதை. அந்தத் தாவலையும் அந்த மண்ணையும் சேர்த்து ஓட்டானியின் அப்பா மகனுக்கு வைத்த பெயராம் இது.

பையன் பறந்துதான் விட்டான். பள்ளியில் படிக்கும்போதே பந்து மணிக்கு 160 கிலோமீட்டர் வேகம். 2018இல் அமெரிக்கா போனார். முழங்கையில் இரண்டு முறை அறுவை சிகிச்சை. இரண்டு முறையும் மீண்டு வந்து பந்து வீசினார். போன அக்டோபரில் ஒரே ஆட்டத்தில் பந்துவீசிப் பத்துப் பேரை வெளியேற்றி, மட்டையால் மூன்று ஹோம் ரன்னும் (நம்ம கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) அடித்தார். நீங்கள் பார்த்திருந்தால் துண்டை வீசியிருப்பீர்கள்!

அப்புறம் ஒரு விஷயம். வெளிநாட்டார் பெயரை இங்கே ஒலியை மட்டும் குறிக்கும் எழுத்தில்தான் எழுதுவார்கள், பொருள் தெரியாது. "உன் பெயருக்கு என்ன அர்த்தம்?" என்று பெரியவர் கேட்டார். குலசாமி பெயர் என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. எந்த வேண்டுதலுக்காக அந்தப் பெயரை வைத்தீர்கள், சாமி எப்படி நம்மூருக்கு வந்தது, எல்லாவற்றையும் விவரமாக எழுதுங்கள். அவருக்குச் சொல்ல வேண்டும்.

கம்பளிச் சட்டை வந்து சேர்ந்தது என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

அன்பு மகன்